2018 சேலஞ்ச் கோப்பை: கேட்டலன்ஸ் டிராகன்ஸ் பெற்ற வெற்றியை எவ்வாறு மதிப்பிடுவது?

தெற்குவாசல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி வகையான ரக்பி லீக் ஆட்டத்தை அண்மைக் காலமாகத்தான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பழைய இறுதிப் போட்டிகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தபோது, 2018 ஆகஸ்ட் 25 அன்று லண்டனின் வெம்ப்ளியில் நடந்த சேலஞ்ச் கோப்பை (தோற்றால் வெளியே என்ற முறையில் நடக்கும் இங்கிலாந்துத் தொடர்) இறுதியையும் பார்த்தேன். பிரான்ஸின் பெர்ப்பின்யான் நகரைச் சேர்ந்த கேட்டலன்ஸ் டிராகன்ஸ் அணி, இங்கிலாந்தின் வாரிங்டன் அணியை 20-14 என்ற புள்ளிகளில் வென்ற ஆட்டம் அது. விறுவிறுப்பான ஆட்டம்தான். ஆனால் அதைவிட நெருக்கமாகவும் பரபரப்பாகவும் முடிந்த இறுதிகள் எத்தனையோ உண்டு.

இருந்தும், இந்த விளையாட்டை நெடுங்காலமாகப் பின்தொடர்கிறவர்கள் அந்த ஆண்டின் கோப்பைத் தொடரைத் தனியாக எடுத்துப் பேசுகிறார்கள். அது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அன்று அரங்கில் இருந்தவர்கள் 50,672 பேர். வெம்ப்ளி போன்ற பெரிய அரங்கில் பாதிக்குச் சற்றே கூடுதலான கூட்டம். வென்ற அணியின் பயிற்சியாளர் ஸ்டீவ் மெக்னமாரா இங்கிலாந்தின் ஹல் நகரத்துக்காரர். ஆடியவர்களிலும் பலர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவ்வாறிருக்க, இதைப் பிரான்ஸின் வெற்றி என்றும் வரலாற்றுத் திருப்பம் என்றும் சொல்வது மிகைதானோ என்ற ஐயம் எழுகிறது. அந்த ஆண்டுத் தொடர் எப்படி நடந்தது என்பதையும், இந்தப் பெருமதிப்புக்கு என்ன அடிப்படை என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆறாவது டேக்கிள் (பதில்):

நல்ல கேள்வி, நண்பரே. வரலாற்றைப் பிறர் எழுதுவார்கள் என்று நம்பி, நான் அந்த ஆண்டின் ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இறுதிப் போட்டியை மட்டும் தனியே பார்த்தால் அந்த வெற்றியின் அளவு தெரியாது. அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி வாரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

2017இல், கேட்டலன்ஸும் ஆடும் இங்கிலாந்தின் முதல் அடுக்கு லீக்கான சூப்பர் லீக்கில் ஒரு விசித்திரமான முறை இருந்தது. பன்னிரண்டு அணிகளில் கடைசி நான்கு இடங்களைப் பெற்றவை, இரண்டாம் அடுக்கின் முதல் நான்கு அணிகளுடன் மீண்டும் மோதித் தம் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கடைசி நான்கில் கேட்டலன்ஸ் ஒன்று, வாரிங்டன் மற்றொன்று. வாரிங்டன் ஓரளவு எளிதாகத் தப்பித்தது. கேட்டலன்ஸுக்கோ நிலைமை கழுத்து வரை வந்துவிட்டது. செப்டம்பர் 30 அன்று லீ நகருக்கே சென்று, தோற்றவர் இரண்டாம் அடுக்குக்கு இறங்க வேண்டும் என்ற ஒற்றை ஆட்டத்தில் 26-10 என்று வென்று பிழைத்தார்கள். அன்று தோற்றிருந்தால் அந்த மன்றத்தின் எதிர்காலமே கேள்விக்குறியாகியிருக்கும்.

இதன் விளைவு 2018 கோப்பையில் நேரடியாகத் தெரிந்தது. முந்தைய ஆண்டில் முதல் எட்டு இடங்களைப் பெற்ற அணிகள் ஆறாவது சுற்றில்தான் நுழைந்தன. கடைசி நான்கில் இருந்த இவ்விரு அணிகளும் ஒரு சுற்று முன்னதாக, ஐந்தாவது சுற்றிலேயே ஆட வேண்டியிருந்தது. ஆகவே அந்த ஆண்டின் இறுதிப் போட்டியில் மோதிய இரண்டு அணிகளும் முந்தைய ஆண்டு வீழ்ச்சியின் விளிம்பில் நின்றவை, இரண்டும் கூடுதலாக ஒரு சுற்று ஆடி வந்தவை. நாக்-அவுட் தொடரில் இது சிறிய சுமை அன்று. தோற்றால் வெளியே என்ற நிலையில் ஒரே ஒரு ஆட்டம் கூடினாலும் தவறி விழுவதற்கு இன்னொரு வாய்ப்பு கூடுகிறது.

கேட்டலன்ஸ் 2018ஐத் தொடங்கிய விதமும் நம்பிக்கை தருவதாக இல்லை. லீக்கின் தொடக்க வாரங்களில் தோல்விக்கு மேல் தோல்வி. பட்டியலின் அடியில் கிடந்த அந்த அணியைக் கோப்பைக்குரிய அணி என்று அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். பருவத்தின் நடுவில் ஜோஷ் டிரிங்க்வாட்டர் என்ற ஆஸ்திரேலிய ஹாஃப்பேக் (ஆட்டத்தை வழிநடத்துபவர்) வந்து சேர்ந்தார். 2017இல் லீ அணிக்காக ஆடியவர் அவர். அவர் வந்தபின் ஆட்டத்துக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது. பந்தை வைத்திருக்கும் அணிக்குக் கிடைக்கும் ஆறு டேக்கிள்களில் (பந்தோடு ஓடுபவரை எதிரணி பிடித்து நிறுத்தும் தடுப்புகளில்) முதல் நான்கை முன்வரிசை ஆட்டக்காரர்கள் கடும் உழைப்பால் முன்னேற்றித் தர, ஐந்தாவதில் எங்கே உதைப்பது என்பதை ஒருவரே தீர்மானிக்கும் நிலை உருவானது. மூன்றாம் அடுக்கில் இருந்த யார்க், பிறகு ஒயிட்ஹேவன், பிறகு காலிறுதியில் ஹடர்ஸ்ஃபீல்ட் என்று தடைகளைத் தாண்டி அரையிறுதிக்கு வந்தார்கள்.

என்னைப் பொறுத்தவரை அந்தத் தொடரின் உச்சம் அந்த அரையிறுதிதான். ஆகஸ்ட் 5 அன்று போல்டன் நகர அரங்கில் ஒரே நாளில் இரண்டு அரையிறுதிகளும் நடந்தன. எதிரணி செயின்ட் ஹெலன்ஸ். அந்த ஆண்டு லீக் பட்டியலில் மற்றவர்களை வெகுதூரம் பின்னே விட்டு முதலிடத்தில் இருந்தவர்கள். அவர்களின் ஃபுல்பேக் (பின்வரிசையின் கடைசி ஆட்டக்காரர்) பென் பார்பா அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ விருதைப் பெற்றவர். அத்தகைய அணிக்கு எதிராகக் கேட்டலன்ஸ் முதல் பாதியில் 27-0 என்று முன்னிலை பெற்றது. அந்த 27 என்ற எண்ணைக் கவனியுங்கள். ட்ரைக்கு (எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பதற்கு) 4, அதன்பின் உதைக்கும் கன்வர்ஷனுக்கும் பெனால்டி உதைக்கும் 2 என்று எண்ணிக்கொண்டே போனால் ஒற்றைப்படை எண் வராது. அந்த ஒரு புள்ளி, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விழவிட்டு உதைக்கும் டிராப் கோலில் வந்தது. 26-0 என்ற நிலையில் இருக்கும் அணி ஒரு புள்ளிக்காக உதைக்கிறது என்றால், நான்கு ட்ரைகளும் அவற்றின் கன்வர்ஷன்களும் ஒரு பெனால்டியும் சேர்ந்தாலும் எதிரணி சமநிலைக்கு வரக் கூடாது என்று கணக்குப் போட்டு ஆடுகிறது என்று பொருள். உணர்ச்சிவசப்பட்டு ஓடிய அணியின் ஆட்டம் இல்லை அது. ஆட்டம் 35-16 என்று முடிந்தது. மற்றோர் அரையிறுதியில் வாரிங்டன் லீட்ஸை 48-12 என்று நொறுக்கியது.

இறுதிப் போட்டியைத் தாங்களே பார்த்திருக்கிறீர்கள். லூயிஸ் டியர்னி தொடக்கத்திலேயே ட்ரை போட்டார். பென்ஜமின் கார்சியாவும் பிரேடன் வில்லியாமேயும் பிறகு சேர்த்தார்கள். டிரிங்க்வாட்டரின் உதைகள் எட்டுப் புள்ளிகளைத் தந்தன. ஆறு புள்ளி வித்தியாசம் என்றால் ஒரே ஒரு ட்ரையும் அதற்குரிய கன்வர்ஷனும் சமநிலைக்குப் போதும். எனவே கடைசி நிமிடங்கள் முழுவதும் கேட்டலன்ஸ் தற்காப்பில்தான் நின்றது. ஸ்கோர்போர்டு காட்டாத உழைப்பு அது. விகன் அணியுடன் முன்னரே இக்கோப்பையை வென்றிருந்த முன்வரிசை ஆட்டக்காரர் மைக்கேல் மெக்கிலோரம் போன்றவர்களின் அனுபவம் அங்கேதான் பயன்பட்டது.

கலியாவின் வழியில் (பதில்):

மேலே எழுதிய நண்பர் ஆட்டங்களை அழகாக விளக்கிவிட்டார். தங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி, அதாவது அந்தப் பெருமதிப்புக்கு என்ன அடிப்படை என்பதற்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

1895இல் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்து ரக்பி மன்றங்கள் கூடித் தனி அமைப்பாகப் பிரிந்தன. ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இழந்த கூலியை ஈடுகட்டலாமா என்பதே அந்தப் பிரிவின் மூலச் சிக்கல். அடுத்த பருவமான 1896-97இல் சேலஞ்ச் கோப்பை தொடங்கியது. பேட்லி முதல் வெற்றியாளர். பிராட்ஃபோர்டின் ஃபட்டோரினி நிறுவனம் செய்த வெள்ளிக் கோப்பை, அதன் அடிப்பீடத்தில் வெற்றியாளர்களின் பெயர் பொறித்த சிறு கேடயங்கள். அந்தக் கேடயங்களில் 2018 வரை இடம்பெற்ற ஒவ்வொரு பெயரும் இங்கிலாந்துக்குள் இருக்கும் ஊரின் பெயர். வேல்ஸ் அணிகள் ஆடியிருக்கின்றன, பிரெஞ்சு அணிகள் ஆடியிருக்கின்றன. ஒன்றுகூட வென்றதில்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த வரிசை உடைந்தது என்பது முதல் காரணம்.

ஆனால் அதுமட்டுமே என்றால் இத்தனை பேர் கண்ணீர் விட்டிருக்க மாட்டார்கள். பிரான்ஸில் இந்த விளையாட்டுக்கு நேர்ந்தது வேறெந்த நாட்டிலும் நேராதது.

1931இல் வன்முறை ஆட்டம், மறைமுகமாகப் பணம் கொடுத்தல் ஆகிய குற்றச்சாட்டுகளால் பிரான்ஸின் ரக்பி யூனியன் (பதினைந்து பேர் ஆடும் மூல ரக்பி வகை) அணியோடு உறவை மற்ற நாடுகள் முறித்துக்கொண்டன. அந்தச் சூழலில், யூனியன் அமைப்பால் தொழில்முறை ஆட்டக்காரர் என்று விலக்கப்பட்ட ழான் கலியா ரக்பி லீக்கின் பக்கம் திரும்பினார். 1933 டிசம்பர் 31 அன்று பாரிஸில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் காட்சி ஆட்டம் ஆடின. 1934இல் கலியா ஓர் அணியைத் திரட்டி இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அதே ஆண்டில் பிரெஞ்சு லீக் அமைப்பு உருவானது. ஐந்தே ஆண்டுகளில், 1939இல், பிரான்ஸ் இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே வென்று ஐரோப்பியப் பட்டத்தைக் கைப்பற்றியது. யூனியன் மன்றங்கள் பல இந்தப் பக்கம் வரத் தொடங்கியிருந்தன.

பிறகு 1940இல் பிரான்ஸ் நாஜி ஜெர்மனியிடம் வீழ்ந்தது. ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசு தொழில்முறை விளையாட்டை ஒழுக்கக்கேடாகக் கருதியது. விளையாட்டுத் துறைப் பொறுப்பில் டென்னிஸ் வீரர் ழான் பொரோட்ரா இருந்தார். அவருக்குக் கீழே முன்னாள் யூனியன் ஆட்டக்காரர் ஜோசஃப் பாஸ்கோ இருந்தார். 1941 டிசம்பரில் அந்த அரசின் தலைவர் பெத்தான் ஒப்பமிட்ட ஆணை வெளியானது. அதன் வாசகம் மிகச் சுருக்கமானது: பாரிஸின் ட்ரூவோ தெருவில் அலுவலகம் கொண்டிருந்த லீக் அமைப்பு கலைக்கப்படுகிறது, அதன் சொத்துகள் அனைத்தும் தேசிய விளையாட்டுக் குழுவுக்கு மாற்றப்படுகின்றன. இவ்வளவுதான். மன்றங்களின் பணம், அரங்குகள், பந்துகள், சீருடைகள் வரை பறிபோயின. மற்றச் சில விளையாட்டுகளின் தொழில்முறைப் பிரிவுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன என்பது உண்மை. ஆனால் அமைப்பையே கலைத்து உடைமைகளைக் கைப்பற்றிய கொடுமை லீக் ஆட்டத்துக்கு நேர்ந்தது. லீக்குக்குப் போட்டியாக இருந்த யூனியனுக்கு அதனால் கிடைத்த ஆதாயத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தபின் ஆடுவதற்கு அனுமதி கிடைத்தது. சொத்துகள் திரும்பவில்லை. ‘ரக்பி’ என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமையும் மறுக்கப்பட்டு, ‘பதின்மூவர் ஆட்டம்’ என்ற பெயரிலேயே 1990களின் தொடக்கம் வரை அது நடத்தப்பட்டது. அந்த நிலையிலும் 1951இல் புயிக்-ஓபேர் என்ற ஆட்டக்காரர் இருந்த பிரெஞ்சு அணி ஆஸ்திரேலியாவுக்குச் சென்று தொடரை வென்று திரும்பியது. ஆனால் அடித்தளம் சிதைந்த ஆட்டம் பின்னர் தென்மேற்கின் சில ஊர்களுக்குள் சுருங்கிப்போனது. பெர்ப்பின்யான் அவற்றில் ஒன்று. கேட்டலன்ஸ் ஆடும் அரங்கின் பெயர் ஸ்தாத் ழில்பேர் புரூட்டஸ். அந்தப் புரூட்டஸ் ஒரு ரக்பி யூனியன்காரர், விஷிக்கும் நாஜிகளுக்கும் எதிரான எதிர்ப்பியக்கத்தில் இருந்து 1944இல் நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போவின் கையில் உயிரிழந்தவர். அந்தப் பெயர் தாங்கிய அரங்கில் வளர்ந்த அணி வெம்ப்ளியில் கோப்பையைத் தூக்கியபோது, பறிக்கப்பட்டதில் ஒரு சிறு பங்காவது திரும்பியது என்று பிரெஞ்சு லீக் ஆர்வலர்கள் உணர்ந்ததில் மிகை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006இல் சூப்பர் லீக்கில் சேர்ந்த கேட்டலன்ஸ், மறு ஆண்டே சேலஞ்ச் கோப்பை இறுதிக்கு வந்தது. புதிய வெம்ப்ளி அரங்கில் நடந்த முதல் சேலஞ்ச் கோப்பை இறுதி அது. செயின்ட் ஹெலன்ஸிடம் 30-8 என்று தோற்றார்கள். அன்று மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கிய ரெமி காஸ்திதான் பதினோர் ஆண்டுகள் கழித்துத் தலைவராகக் கோப்பையைப் பெற்றுக்கொண்டார்.

நாடாக்கட்டு (பதில்):

இருவரின் பதில்களும் பயனுள்ளவை. ஆனால் கேள்வி கேட்டவரின் ஐயத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது என்று கருதுகிறேன். 1941இன் அநீதி அநீதிதான், அதில் மாற்றுக்கருத்து இல்லை. எனினும், ஆஸ்திரேலிய ஹாஃப்பேக்கும் இங்கிலாந்துப் பயிற்சியாளரும் கட்டியெழுப்பிய வெற்றியை அந்த அநீதிக்கான ஈடாகக் கொள்வது வரலாற்றையும் விளையாட்டையும் ஒரே கயிற்றில் கட்டுவதாகும். பெர்ப்பின்யானைச் சுற்றியுள்ள சிற்றூர் மன்றங்களில் சிறுவர்கள் கூடுதலாகச் சேர்ந்தார்களா, உள்நாட்டு லீக் வலுப்பெற்றதா என்பனவே உண்மையான அளவுகோல்கள். அந்த அளவுகோலில் ஒரு கோப்பை மட்டும் நாட்டின் ஆட்டத்தை மாற்றிவிடாது.

அதைவிட வருத்தம் தருவது அதன்பின் நடந்தது. வெற்றி பெற்ற அதே ஆண்டின் இறுதியில், அடுத்த ஆண்டுக் கோப்பையில் பங்கேற்க வேண்டுமானால் பெருந்தொகை ஒன்றைப் பிணையாக வைக்க வேண்டும் என்று இங்கிலாந்து நிர்வாகம் கடல்கடந்த அணிகளிடம் கேட்டது. வெளிநாட்டு அணி இறுதிக்கு வந்தால் டிக்கெட் விற்பனை குறைகிறது என்பது அவர்கள் கவலை. 2019இல் டுலூஸும் டொரன்டோவும் கோப்பைக்கு வரவேயில்லை. நடப்பு வெற்றியாளரான கேட்டலன்ஸ் பேச்சுவார்த்தைக்குப் பிறகே கலந்துகொண்டது. கோப்பையை முதன்முறையாக நாட்டுக்கு வெளியே கொண்டுசென்ற அணிக்குக் கிடைத்த வரவேற்பு அது. வெற்றியைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆறாவது டேக்கிள் (பதில்):

பிணைத்தொகை பற்றி நீங்கள் எழுதியது முற்றிலும் சரி. அது வெட்கக்கேடான முடிவு. பெர்ப்பின்யானிலிருந்து லண்டன் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இறுதிக்கு வந்தது உறுதியான பிறகு அவர்களுக்குக் கிடைத்தது மூன்றே வாரம், அதுவும் ஆகஸ்ட் விடுமுறைக் காலம். அந்த நிலையில் கூட்டக் குறைவை அந்த அணியின் தலையில் கட்டுவது முறையன்று. முன்பெல்லாம் வசந்த காலத்தில் நடந்த இறுதியை ஆகஸ்டுக்குத் தள்ளியபின் வெம்ப்ளிப் பயணத்தை ஆண்டுதோறும் வழக்கமாக வைத்திருந்த குடும்பங்கள் குறைந்தன என்பதை இங்கிலாந்து ரசிகர்களே சொல்லி வந்தார்கள்.

ஆனால் வெளிநாட்டு ஆட்டக்காரர் குறித்த வாதத்தில் நான் மாறுபடுகிறேன். சூப்பர் லீக்கின் எந்த அணியை எடுத்தாலும் ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தரும் பசிபிக் தீவினரும் இருப்பார்கள். அன்று தோற்ற வாரிங்டனின் பயிற்சியாளர் ஸ்டீவ் பிரைஸ் ஆஸ்திரேலியர், உதைத்துப் புள்ளி சேர்த்த பிரைசன் குட்வின் நியூசிலாந்துக்கு ஆடியவர். வாரிங்டன் வென்றிருந்தால் அதை இங்கிலாந்து ஊரின் வெற்றி அல்ல என்று யாரேனும் சொல்லியிருப்பார்களா? மேலும், அந்த இறுதியின் ஆட்ட நாயகனுக்குரிய லான்ஸ் டாட் விருதைப் பெற்றவர் டோனி ஜீகோ. அதைப் பெற்ற முதல் பிரெஞ்சுக்காரர் அவர். ட்ரை போட்ட கார்சியாவும் தலைவர் காஸ்தியும் பிரெஞ்சு மண்ணில் ஆட்டம் கற்றவர்கள். கார்சியா பின்னாளில் அதே அணியின் தலைவரும் ஆனார்.

அந்த வெற்றியின் விளைவாக நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 2019 மே 18 அன்று கேட்டலன்ஸ் தன் ஆட்டத்தைப் பார்சிலோனாவின் கேம்ப் நோ அரங்குக்கு எடுத்துச் சென்று, 31,555 பேர் முன்னிலையில் விகனை 33-16 என்று வென்றது. 2021இல் லீக் பட்டியலில் முதலிடம் பெற்று, லீக்கின் இறுதிப் போட்டியான கிராண்ட் ஃபைனலில் செயின்ட் ஹெலன்ஸிடம் இரண்டே புள்ளிகளில் தோற்றது. 2017 செப்டம்பரில் பிழைப்புக்காகப் போராடிய மன்றம் நான்கே ஆண்டுகளில் எட்டிய உயரம் இது.

தெற்குவாசல்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. விஷி ஆணை பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதிருந்தது. இன்னும் ஒரே ஒரு கேள்வி. செயின்ட் ஹெலன்ஸ் அவ்வளவு வலிமையான அணி என்றால், அந்த ஒரு நாள் தோல்வியைத் தற்செயல் என்று கொள்ளலாமா?

ஆறாவது டேக்கிள் (பதில்):

அப்படிக் கொள்வதற்கு ஒரு தடை இருக்கிறது. அதே ஆண்டு லீக்கின் முடிவில் கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய ஆட்டத்திலும் செயின்ட் ஹெலன்ஸ் தோற்றது, வாரிங்டனிடம். வாரங்கள் பல நீளும் லீக்கில் யாராலும் நெருங்க முடியாத அந்த அணி, தோற்றால் வெளியே என்ற இரண்டு ஆட்டங்களிலும் வீழ்ந்தது. இரண்டு முறையும் எதிரணி, தொடக்கத்திலிருந்தே அவர்களுடைய பந்து வேகத்தைக் குறைத்து, பார்பாவுக்கு ஓட இடமில்லாமல் செய்தது. கேட்டலன்ஸின் அந்த நாற்பது நிமிடங்கள் திட்டமிட்டுச் செய்தவை. இறுதியின் பதிவைப் பார்த்துவிட்டீர்கள். போல்டனில் நடந்த அரையிறுதியின் முதல் பாதி கிடைத்தால் அதை அவசியம் பாருங்கள். முதல் இருபது நிமிடங்களில் பந்தைப் பார்க்க வேண்டாம், கேட்டலன்ஸின் தற்காப்பு வரிசை ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் எவ்வளவு விரைவாக எழுந்து முன்னே வருகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.